கல்யாண மண்டபத்தில் கட்டிய மக்கா

ஏணியின் மேல்படியில் நின்று மரச்சட்டத்தில் கறுப்புத் துணியை இழுத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மைக்செட் கரீம் பாய். முந்தின நாள்தான் அந்த மண்டபத்தில் ஒரு கல்யாணம் முடிந்திருந்தது. மேடையில் மாப்பிள்ளை, பெண் பெயர்களை இன்னும் கழற்றவில்லை. வாடிய சம்பங்கி வாசனையும், சாப்பாட்டுக் கூடத்தில் மிஞ்சிய ரசத்தின் புளிப்பும் மூக்கில் ஏறிக்கொண்டிருந்தன.

"தாசு," என்றார் கரீம் பாய், மேலே பார்க்காமலே. "நான் போகலப்பா."

"எங்க, டீக்கா?"

"ஹஜ்ஜுக்கு."

சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினேன்.

விஷயம் இதுதான். அந்த வருஷம் எங்கள் பக்கத்திலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்களுக்கு அந்த மண்டபத்தில் பயிற்சி முகாம் ஏற்பாடாகியிருந்தது. அங்கே போய் என்ன செய்ய வேண்டும், எங்கே சுற்ற வேண்டும், எங்கே ஓட வேண்டும் என்று நடந்து காட்டிப் பழக்குவதற்காக, மக்காவைச் சின்னதாகக் கட்டித் தரச் சொல்லி என்னிடம் கேட்டிருந்தார்கள். நான் பந்தல்காரன். கோயில் திருவிழா, சர்ச் திருவிழா, கட்சிக் கூட்டம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் கட்டுகிறவன். மைக் கரீம் பாயுடையது. முப்பது வருஷமாக நான் கம்பம் நட்டால் அவர் அதில் ஸ்பீக்கர் கட்டுவார்.

இந்த முறை அவர் மைக்செட்காரர் மட்டுமல்ல, பயணியும்கூட. பல வருஷம் மனுப் போட்டு, குலுக்கலில் அவர் பெயரும் அவர் மனைவி நூர்ஜஹான் பெயரும் வந்திருந்தன. நூர்ஜஹான் பாபி பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையின் மாடியில் புடவைகளுக்குக் குச்சு கட்டுகிறவர். குலுக்கலில் பெயர் வந்த செய்தியைக் கேட்டதும் அவர் கட்டிக்கொண்டிருந்த புடவையை மடியிலேயே வைத்து அழுதாராம்.

"பாபிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"எங்க சொல்றது? கல்யாணம் ஆன புதுசுல இருந்து இந்த ஒண்ணத்தான் கேட்டுக்கினு இருக்குறா. நான் போலன்னா அவளும் போமாட்டா. அது எனக்கு நல்லா தெரியும்."

"அப்புறம் ஏன் பாய்?"

கரீம் பாய் நான் கட்டிக்கொண்டிருந்த கறுப்புப் பெட்டியைப் பார்த்தார். "அதைச் சுத்தி எவ்ளோ கூட்டம் இருக்கும்னு வீடியோல பாத்தியா?"

எனக்குப் புரிந்துவிட்டது.

அந்த வருஷத்துக் கூட்டம்

எங்கள் காஞ்சிபுரத்துக்குக் கூட்டம் புதிதல்ல. முசரவாக்கத்திலிருந்து பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நான் கூட்டத்தில்தான் சம்பாதிக்கிறேன். ஆனால் சில வருஷங்களுக்கு முன்னால், நாற்பது வருஷத்துக்கு ஒரு முறை குளத்திலிருந்து வெளியே எடுக்கிற சாமியைப் பார்க்க வந்த கூட்டம் வேறு. நாடு முழுக்கக் கிளம்பி வந்துவிட்டது போலிருந்தது. வீட்டுக்குள் தண்ணீர் குடிக்க வந்தவர்கள் அங்கேயே படுத்துத் தூங்கினார்கள்.

அப்போது ஒரு ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது என்று கரீம் பாய் வரிசைக்குள் நுழைந்தார். முன்னால் வரிசை நின்றுவிட்டது, பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். நான் பந்தல் மேலே இருந்தேன். அவருடைய வெள்ளைத் தொப்பி தெரிந்தது, பிறகு தெரியவில்லை. இறங்கி ஓடி, வரிசைத் தடுப்பின் சவுக்குக் கட்டையில் இருந்த கயிற்றை அறுத்து, இடுக்கு வழியாக அவரை வெளியே இழுத்தேன். ஒரு கடைப் படியில் கிடத்தி முகத்தில் சோடா அடித்ததும் கண்ணைத் திறந்தார். முதல் கேள்வி, "மைக் பேசுதா?"

இதைச் சொல்லிச் சொல்லி ரொம்ப நாள் சிரித்தோம். ஆனால் அதற்குப் பிறகு அவர் ஒரு கூட்டத்துக்குள்ளும் காலை வைக்கவில்லை. கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார். பஸ்ஸில் நிற்க இடம் இருந்தால்கூட ஏற மாட்டார். பெருநாள் தொழுகைக்கு விடியலிலேயே போய் ஓரத்தில் இடம் பிடித்துவிடுவார். அதே மனிதர், ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு தென்னை உயரத்தில் ஸ்பீக்கர் கட்டுவார். பயத்துக்கும் தைரியத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று எனக்குத் தெரிந்தது அவரைப் பார்த்துத்தான்.

இந்தப் பயம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவர் நினைத்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மயில் போன கதை

என் வேலையில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கேட்டதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே செய்து மாட்டிக்கொள்வேன்.

நான் கட்டிய கறுப்புப் பெட்டிதான் கஅபா, மக்காவில் எல்லோரும் சுற்றி வருகிற கட்டடம். அதைச் சுற்றிப் பொன்னிறத்தில் ஒரு பட்டை இருக்கும் என்று படத்தில் பார்த்தேன். தங்கக் காகிதம் ஒட்டினால் போதும் என்றார்கள். காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு தங்கக் காகிதம் ஒட்டுவதா? பிள்ளையார்பாளையத்தில் தெரிந்த ஒரு நெசவாளரிடம், புடவையிலிருந்து அறுத்து வைத்திருந்த ஜரிகைக் கரையைக் கேட்டு வாங்கிவந்து சுற்றிலும் அடித்தேன். விளக்குப் போட்டதும் ஜொலித்தது. எனக்கே பெருமை தாங்கவில்லை.

பயிற்சி கொடுக்க வேலூர்ப் பக்கத்திலிருந்து மார்க்கம் படித்த ஒரு ஹஸ்ரத் வந்தார். கறுப்புப் பெட்டியைத் தூரத்திலிருந்து பார்த்து "மாஷா அல்லாஹ்" என்றார். கிட்டே வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"தாஸ், இது என்ன?"

"மயில் சக்கரம் ஹஸ்ரத். நம்ம ஊருக் கரை. பேர் போனது."

"மயில் ரொம்ப அழகாத்தான் இருக்கு. ஆனா கஅபாவுல எந்த உருவமும் கூடாதே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெட்டியைச் சுற்றி வரிசையாக நூறு மயிலாவது நின்றிருக்கும். கரையைத் திருப்பி உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி அடித்துப் பார்த்தேன். மயில் இப்போது வேறு திசையைப் பார்த்தது, அவ்வளவுதான். கடைசியில் உருவம் இல்லாத வெறும் பட்டை ஜரிகை தேடி அடித்தேன். கழற்றிய மயில்களை அடுத்த முகூர்த்தத்துக்கு மணவறையில் கட்டினேன். அங்கே யாரும் குறை சொல்லவில்லை.

அது முடிந்தது என்று பார்த்தால் தரையில் நான் ஒட்டியிருந்த அம்புக்குறிகள். எங்கள் ஊரில் எதைச் சுற்றினாலும் அது வலது கைப்பக்கம் இருக்கும். சாமி அப்படித்தான், தேர் அப்படித்தான். எங்கள் சர்ச் தேர்கூட அந்தப் பழக்கத்தில்தான் போகும். நானும் அதே மாதிரி ஒட்டிவிட்டேன். "கஅபா நம்ம இடது தோள் பக்கம் இருக்கணும்," என்றார் ஹஸ்ரத். முணுமுணுத்துக்கொண்டே குந்தி உட்கார்ந்து நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்ட ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இன்னொரு கை சுரண்டியது. ஹஸ்ரத்தும் ஜிப்பாவை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் கோபத்தை எங்கே வைத்துக்கொள்வது?

முகாம் அன்று முதல் வரிசை கிளம்பியதும், ஒரு பட்டுக் கடை முதலாளி பழக்க தோஷத்தில் எதிர்ப்பக்கமாகப் புறப்பட்டு, வந்தவர்கள் எல்லோர் மேலும் மோதினார். ஸ்டிக்கர் ஒட்டிய எனக்கு ஒரு துணை கிடைத்தது.

ஹஸ்ரத் சொன்ன வழி

பின்வரிசையில் நின்று நானும் கேட்டேன். நான் கிறிஸ்தவன், எனக்கு அங்கே போக வழியில்லை. ஆனாலும் கட்டினவனுக்கு, எது எதற்காக என்று தெரிய வேண்டாமா?

முதலில் இஹ்ராம். ஆண்களுக்குத் தையல் இல்லாத இரண்டு வெள்ளைத் துணி, ஒன்று இடுப்புக்கு, ஒன்று தோளுக்கு. பெண்கள் வழக்கமான உடையில் இருக்கலாம். மனதில் நிய்யத் என்ற உறுதி வைத்து, "லப்பைக்", அதாவது இதோ வந்துவிட்டேன், என்று சொல்ல ஆரம்பித்துவிட்டால் பிறகு நகம் வெட்டக் கூடாது, முடி எடுக்கக் கூடாது, வாசனை பூசக் கூடாது. சண்டை போடக் கூடாது. இந்தக் கடைசி விதியில் நான் ஒரு வேளைகூடத் தேற மாட்டேன்.

மக்கா போனதும் தவாஃப். ஒரு மூலையில் பதித்திருக்கிற கறுப்புக் கல்லில் தொடங்கி ஏழு சுற்று. பிறகு தொழுகை, ஜம்ஜம் கிணற்றுத் தண்ணீர். அப்புறம் ஸஃபா, மர்வா என்ற இரண்டு குன்றுக்கும் இடையில் ஏழு நடை. கைக்குழந்தைக்குத் தண்ணீர் தேடி ஹாஜரா அம்மையார் ஓடிய வழி அது. அதற்கு நான் கல்யாண மேடை இரண்டைக் கூடத்தின் இரண்டு முனையிலும் போட்டிருந்தேன். பெண்கள் அந்த இடத்தில் ரொம்ப நேரம் அமைதியாக நடந்தார்கள்.

ஹஜ் நாள் வந்ததும் மினாவில் கூடாரம். மறுநாள் அரஃபாத். அன்று இரவு முஸ்தலிஃபாவில் வெட்டவெளியில் தங்கிப் பொடிக்கல் பொறுக்குவது. திரும்ப மினாவுக்கு வந்து ஷைத்தானுக்கு அடையாளமான தூணில் கல் எறிவது, ஆடு அறுத்துக் குர்பானி கொடுப்பது, தலைமுடி எடுப்பது, மறுபடி கஅபாவுக்குப் போய்த் தவாஃப். அடுத்த நாட்களில் மூன்று தூணுக்கும் கல். ஊர் திரும்புமுன் விடைபெறும் தவாஃப். பழகுவதற்குக் கல்லுக்குப் பதில் காகித உருண்டை கொடுத்திருந்தோம். ஒரு அம்மா வீசிய வேகத்தில் என் தூண் சாய்ந்துவிட்டது.

இதில் எனக்கு மறக்காதது ஒன்று. கட்டுமான வேலை தொடங்குமுன், "அரஃபாத்துக்கு என்ன கட்டணும் ஹஸ்ரத்?" என்று அவரிடம் போனில் கேட்டிருந்தேன்.

"ஒண்ணும் கட்ட வேணாம். அது மைதானம். மத்தியானத்துல இருந்து பொழுது சாயற வரைக்கும் அங்க இருந்து துஆ கேக்கணும், இறைவன்கிட்ட மனசாரக் கேக்கணும். அதுதான் ஹஜ். அது தவறிப்போனா ஹஜ்ஜே இல்ல."

இத்தனை செலவு செய்து இத்தனை தூரம் போகிற பயணத்தில், முக்கியமான இடத்துக்குப் பந்தல்காரனுக்கு வேலையே இல்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மண்டபத்துக்கு வெளியே வண்டி நிறுத்துகிற இடத்தையே அரஃபாத் என்று வைத்துக்கொண்டோம்.

ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில்

தவாஃப் பழக எல்லோரும் எழுந்தபோது கரீம் பாய் எழவில்லை. ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார்ந்து, நன்றாகப் பேசிக்கொண்டிருந்த மைக்கைத் திருகிக்கொண்டிருந்தார். நூர்ஜஹான் பாபி பெண்கள் வரிசையில் நடந்தார். ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பக்கம் வரும்போது கணவரைப் பார்த்தார். பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஹஸ்ரத்திடம் போனேன்.

"கூட்டத்துல நிக்க முடியாதவங்க என்ன பண்ணுவாங்க ஹஸ்ரத்?"

"முடிஞ்ச மாதிரி பண்ணுவாங்க. ஓரமா சுத்தலாம். மேல் மாடியில சுத்தலாம், வட்டம் பெருசாகும், அவ்வளவுதான். நடுவுல நின்னு இளைப்பாறலாம். கல்லை முத்தமிட முடியலன்னா தூரத்துல இருந்து கையைக் காட்டினாப் போதும். அடுத்தவங்களை இடிச்சுத் தள்ளிக்கிட்டுப் போறதைவிட அது மேல்."

அப்படியே கரீம் பாயிடம் வந்து சொன்னேன்.

"மாடியிலயும் ஆளு இருக்கும் தாசு."

"இருக்கும். அதனால பழகிக்கணும். நாளையில இருந்து என்கூட வாங்க."

பங்குனியில் பழகியது

காலையில் மார்க்கெட், சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு என்று அவரை அழைத்துக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்ததும் அவர் கழுத்தெல்லாம் வேர்க்கும், திரும்பிவிடுவார். ஒரு நாள் மார்க்கெட் வாசலிலேயே அவரைக் கண்டபடி கத்தினேன்.

"நீங்க போலன்னா பாபி மூஞ்சில எப்டி முழிப்பீங்க? சொல்லுங்க பாய்!"

அவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். "நீ கத்தினா எனக்கு பயம் போயிடுமா தாசு?"

நியாயமான கேள்வி. நானும் உட்கார்ந்தேன். டீ குடித்து முடித்த பிறகு அவரே சொன்னார். "முன்னாடி எவ்ளோ பேர் இருந்தாலும் பரவால்லப்பா. பின்னாடி இருந்து தள்றாங்க பாரு, அதான். அன்னிக்கும் பின்னாடி இருந்துதான் தள்னாங்க."

இத்தனை நாள் நான் அவருக்கு முன்னால் நடந்து வழி விலக்கிக்கொண்டிருந்தேன்! வேலையே தப்பு.

அப்போது ஏகாம்பரநாதர் கோயில் பங்குனித் திருவிழா நடந்துகொண்டிருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அங்கே வேலையும் இருந்தது. சாமி புறப்பாட்டின்போது அவரை முன்னால் விட்டு, நான் பின்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடந்தேன். இடித்தவர்கள் என்னைத்தான் இடித்தார்கள், என்னைத்தான் திட்டினார்கள். கரீம் பாய் முதல் நாள் பாதித் தெரு வந்தார். அடுத்த நாள் முழுத் தெரு. திருவிழா முடிகிற சமயத்தில் நிதானமாக நடந்து வந்து, ஒரு ஓரத்தில் நின்று மோர் வாங்கிக் குடித்தார்.

"வந்துட்டேன் தாசு," என்றார். உடனே முகம் வாடிவிட்டது. "ஆனா அங்க உன்னை எங்க கூட்டிக்கினு போறது?"

"பாபி பின்னாடி வரட்டும்."

"அப்ப அவகிட்ட எல்லாத்தையும் சொல்லணுமே. சொன்னா, உசுருக்கு ஆபத்துன்னு அவளே வேணாம்னுடுவா. இத்தினி வருஷம் கேட்டுக்கினு இருந்தவ, என்னால வேணாம்னு சொல்றதை நான் எப்டிப்பா கேக்கறது?"

புறப்படுகிற நாள் வரைக்கும் அவர் சொல்லவில்லை. பயணத்தை நிறுத்தவும் இல்லை. மாலை போட்டு வழியனுப்பும்போது என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் முதுகு நனைந்திருந்தது. வண்டி கிளம்பிய பிறகு எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தைரியம் சொல்லி அனுப்பியவன் நான். அங்கே ஏதாவது ஆகிவிட்டால்?

மக்கா போய்ச் சேர்ந்ததும் போனில் ஒரே ஒரு குரல் பதிவு வந்தது. "வந்துட்டோம் தாசு. துஆ செய்." அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முழங்காலில் நின்று அவருக்காகத்தான் கேட்டேன்.

திரும்பி வந்த பிறகு

ஒன்றரை மாதம் கழித்து வீட்டுக்குப் பார்க்கப் போனேன். மொட்டைத் தலையில் முடி முள்ளு முள்ளாக முளைத்திருந்தது. பேரீச்சம்பழம் கொடுத்தார். வாயில் போடாமலே கேட்டேன்.

"கூட்டம் எப்டி பாய்?"

"உள்ள போனதும் கால் ஓடல. திரும்பிடலாம்னுதான் பாத்தேன். அப்ப நூர்ஜஹான் என் பின்னாடி வந்து நின்னுக்கினா. நான் கேக்கவே இல்லப்பா, தானா வந்தா. எல்லா ஆம்பளையும் பொஞ்சாதிய முன்னாடி விட்டுக்கினு நடக்கறாங்க, இவ மட்டும் என் பின்னாடி ரெண்டு கையையும் விரிச்சுக்கினு வர்றா. ஏழு சுத்தும் கீழயே சுத்தினேன் தாசு. எல்லாம் நீ பழக்கிவிட்டது."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவர் ஜம்ஜம் தண்ணீர் எடுக்க உள்ளே போனார். பாபி வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"அவரு பயம் எனக்கு அந்தக் கூட்டம் வந்த வருஷத்துல இருந்தே தெரியும் தாஸ்ணா. தூக்கத்துல மூச்சு முட்டி எழுந்து உக்காருவாரு. பங்குனியில நீங்க ரெண்டு பேரும் தெருவுல நடந்தீங்களே, நான் கடை மாடியில இருந்து குச்சு கட்டிக்கினே பாத்துக்கினு இருந்தேன். பின்னாடி நிக்கணும்னு உங்களைப் பாத்துதான் தெரிஞ்சுது."

"அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே பாபி?"

"கேட்டா வெக்கப்படுவாரு." உள்பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார். "இன்னொண்ணு இருக்குது. கஅபாவை முதல் தடவ பாக்கும்போது கேக்கற துஆ வீண் போகாதுன்னு எங்கள்ல சொல்வாங்க. என் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயி இத்தினி வருஷமா குழந்தை இல்ல. அந்த ஒரு துஆவ அவளுக்குன்னே வெச்சிருந்தேன். உள்ள போனோம். நிமிந்து பாக்கறதுக்கு முன்னாடி இவரு மூஞ்சியப் பாத்துட்டேன். அப்புறம் கஅபாவைப் பாத்ததும், யா அல்லா, இவருக்கு மூச்சைக் குடுன்னுதான் வாயில வந்துச்சு."

கண் கலங்கிவிட்டது. "பொண்ணுக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"அரஃபாத்துல பொழுது சாயற வரைக்கும் அவளுக்குத்தான் கேட்டேன். இவருகிட்ட சொல்லிடாதீங்க. ஒடிஞ்சு போயிடுவாரு."

சொல்லவில்லை. இந்த வாரம் இதை எழுத உட்காருமுன் பாபியிடம் போய், எழுதலாமா என்று கேட்டேன். மகளுக்கு இன்னும் குழந்தை இல்லை. எழுத வேண்டாம் என்பார் என்றுதான் நினைத்தேன்.

"எழுதுங்க தாஸ்ணா. நாளாயிடுச்சு, இனிமே அவருக்கும் தெரியட்டும். பொண்ணுகிட்ட நானே சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"'அப்பா ஏழு சுத்தும் நல்லா மூச்சு விட்டாரா'ன்னு கேட்டா. விட்டாருன்னேன். 'அப்ப சரிம்மா'ன்னா."